விசாரித்து ஈந்த டிக்கன்ஸ்

புதினங்களால் உலகறிந்த சார்லஸ் டிக்கன்ஸ், அறக்கொடை உரியவரைச் சென்றடைகிறதா என்று விசாரித்துச் சொல்லும் பணியையும் பல ஆண்டுகள் செய்தார். அவரது வாழ்வில் என்னைப் பெரிதும் ஈர்ப்பது இப்பகுதியே.

1812-இல் போர்ட்ஸ்மவுத் நகரில் பிறந்தார் டிக்கன்ஸ். 1824-இல் அவருடைய தந்தை கடனுக்காக லண்டனின் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். 12 வயதுச் சிறுவனோ, காலணி மை தயாரிக்கும் கூடத்தில் மைக்குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக் கூலி பெற்றான். வறுமையின் குரலை அவர் அறிந்திருந்தார்; அதனாலேயே, அக்குரலைப் போலியாக எழுப்புவோரையும் எளிதில் இனங்கண்டார்.

புகழ் வந்ததும் உதவி கேட்கும் கடிதங்கள் அவரிடம் குவிந்தன. வங்கிக் குடும்பச் செல்வத்துக்கு வாரிசான ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் அம்மையாருக்கும் அவ்வாறே. அவருக்கு வந்த விண்ணப்பங்கள் பலவற்றை டிக்கன்ஸ் ஆராய்ந்தார். எழுதியவர் யார், சொல்லும் துயரம் மெய்யா, உதவி தகுமா என்று விசாரித்து அம்மையாருக்கு மடல் எழுதினார். தனிமனிதரோடு நிறுவனங்களையும் அவர் நேரில் கண்டறிந்தார். 1843-இல் ஃபீல்ட் லேன் ஏழைச் சிறார் பள்ளிக்குச் சென்று, அங்குக் கண்ட அவலத்தை அம்மையாருக்கு விரிவாகத் தெரிவித்தார். ஆதரவற்ற பெண்களின் மறுவாழ்வுக்காக 1847-இல் அம்மையார் பொருளுதவியுடன் தொடங்கிய யுரேனியா இல்லத்தில், சேர வந்தவர்களிடம் தாமே பேசினார்.

பொய்க் கடிதம் எழுதிப் பிழைப்போரை 1850-இல் தமது வார இதழில் கடுமையாகச் சாடினார். ஏமாற்றுவோர் பெறும் பணம், கேட்கவும் கூசும் உண்மை ஏழையின் பங்கு என்பதே அவரது சினத்தின் காரணம். ஆனால், ஏமாற்றைக் கண்டு அவர் கையை மூடிக்கொள்ளவில்லை. 1858-இல் லண்டன் சிறார் மருத்துவமனைக்காக அவர் உரையாற்றிய விருந்தில் சுமார் 3,000 பவுண்டு திரண்டது. 1870-இல் மறையும்வரை எளியோர் பக்கமே நின்றார்.

இன்று நிதி வேண்டுகோள்கள் நம் கைப்பேசிக்கே வருகின்றன. சிலர் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிறார்கள். சிலர் எல்லாமே மோசடி என்று ஒதுக்குகிறார்கள். இருவருமே விசாரிக்கும் சிரமத்தைத் தவிர்ப்பவர்கள் என்பேன். பதிவு உண்டா, கணக்கு உண்டா, குறிப்பிடும் மருத்துவமனையில் அந்த நோயாளி இருக்கிறாரா என்று கேட்பது இரக்கமின்மை ஆகாது. நேர்மையாக நிதி திரட்டுவோர் அக்கேள்விகளுக்கு அஞ்சப்போவதில்லை. அவற்றைக் கேட்கும் பொறுமையும் கொடையின் ஒரு பகுதியே.