விதானத்தை நோக்கிய விழிகள்

திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்திற்குள் நுழைவோர் முதலில் தூண்களையே காண்பர். தலையை உயர்த்தினால்தான் விதானத்து ஓவியங்கள் புலப்படும். இவற்றைப் போன்ற தென்னாட்டுச் சுவரோவியங்களைத் தம் எழுத்தால் உலகறியச் செய்தவர்களுள் ஒருவர், கலைவரலாற்றறிஞர் கலம்பூர் சிவராமமூர்த்தி.

1909இல் பிறந்த அவர், வடமொழிப் புலமையும் ஓவியத் திறனும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பணியாற்றியபோது அமராவதிச் சிற்பங்களை ஆராய்ந்தார். அச்சிற்பங்களுள் ஒரு பகுதி 19ஆம் நூற்றாண்டிலேயே இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தது. சென்னையில் எஞ்சியிருந்தவற்றில் ஆடை, அணிகலன், இருக்கை, இசைக்கருவி என ஒவ்வொன்றையும் நுணுகி நோக்கி, இலக்கியங்கள் அவற்றுக்கு வழங்கும் பெயர்களோடு பொருத்திக் காட்டினார். அவ்வாய்வு 1942இல் நூலாக வெளிவந்தது.

அவருடைய நூல்களில் புகைப்படங்களோடு அவரே வரைந்த கோட்டோவியங்களும் இடம்பெறும். புகைப்படக் கருவி ஒரு நொடியில் அனைத்தையும் கவர்ந்துவிடும். வரைபவர் கையோ ஒவ்வொரு வளைவையும் கடந்தாக வேண்டும். அவ்வாறு கடக்கையில் கண்ணுக்குத் தப்புவது அரிது.

சிற்பத்தை அருங்காட்சியகத்திற்குக் கொணரலாம். சுவரோவியத்தை நாம்தாம் நாடிச் செல்ல வேண்டும். தஞ்சைப் பெரியகோயில் கருவறையைச் சூழ்ந்த இருண்ட திருச்சுற்றில், நாயக்கர்காலப் பூச்சின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களைப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் வெளிக்கொணர்ந்தார். ஒடுங்கிய வழியாதலால் அங்கே பின்வாங்கி நின்று முழுச்சுவரையும் ஒருசேரக் காண இயலாது. அச்சிட்ட படமோ அந்நெருக்கத்தை மறைத்து, எட்ட நின்று கண்டதுபோன்ற மயக்கத்தைத் தருகிறது. தென்னிந்திய ஓவியங்களைப் பற்றிய தம் நூலில் சிவராமமூர்த்தி இவற்றை விரிவாக எழுதியுள்ளார்.

அந்நூலில் திருவாரூரும் இடம்பெறுகிறது. 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்தனவாகக் கருதப்படும் இவ்வோவியங்களின் பொருள் முசுகுந்தச் சோழனின் கதை. இந்திரனுக்குப் போரில் துணைநின்ற முசுகுந்தன், அவன் வழிபட்ட தியாகராசர் திருமேனியைப் பரிசிலாக வேண்டினான். கொடுக்க மனமில்லாத இந்திரன், அதேபோல் ஆறு திருமேனிகளைச் செய்வித்து, ஏழையும் ஒருங்கே வைத்தான். மன்னன் இறையருளால் மூலத்தையே சுட்டினான். ஏழும் அவனுக்கே கிடைத்தன. அவையே ஏழு விடங்கத் தலங்களில் எழுந்தருளியுள்ளன என்பது தலபுராணம்.

இக்கதை தொடர்க்காட்சிகளாக வரையப்பட்டுள்ளது. காட்சிகளுக்குத் தமிழில் விளக்கமும் எழுதப்பட்டுள்ளது. சிங்காதனம் என்னும் ஓவியரின் பெயரையும் அவ்வெழுத்துகளிடையே காணலாம். காண்பவர் நடந்தால்தான் கதையும் நடக்கும். பாடநூலில் உள்ளங்கையளவு அச்சாகும் படத்தில் ஊர்வலத்தின் வாணவேடிக்கை தெரியலாம். அவ்வூர்வலத்தோடு நாமும் நகர்வது எங்ஙனம்?

சிவராமமூர்த்தி பின்னர் புதுதில்லித் தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். நடராசர் வடிவத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் 1974இல் வெளிவந்தது. மறு ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றார். 1983இல் மறைந்தார்.

புகையும் மழைநீர்க்கசிவும் நெடுங்காலம் சிதைத்த திருவாரூர் ஓவியங்கள் இந்நூற்றாண்டில்தான் தூய்மை செய்யப்பட்டன. சில இடங்களில் வண்ணம் உதிர்ந்து வெறும் சுதையே எஞ்சியிருக்கிறது. ஏனைய இடங்களில் முசுகுந்தனின் கதை இன்றும் தொடர்கிறது. காண விழைவோர் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கத்தான் வேண்டும்.