மணிக்கு 30 சென்ட்: ஹென்ரியேட்டா லீவிட்

விண்வெளித் துறையில் ஏஐ இன்டர்ன்ஷிப் கிடைச்சா முதல் நாளே ராக்கெட் பக்கத்துல நிக்கலாம்னு கனவு காணுறீங்களா? நாள் முழுக்க படங்களுக்கு லேபிள் போடும் வேலையும் வரலாம். அலுப்பு தட்டினா இவரை நினைச்சுக்கோங்க.

ஹென்ரியேட்டா லீவிட் 1868-ல் அமெரிக்காவில் பிறந்தவர். கல்லூரி முடித்து, ஹார்வர்டு வானாய்வகத்தில் சம்பளமில்லாத உதவியாளராகச் சேர்ந்தார். அப்போ 'கம்ப்யூட்டர்'னா மெஷின் இல்லைங்க, கணக்குப் போடும் பெண்கள்! பிறகு சம்பளம் வந்தது, மணிக்கு 30 சென்ட். காது கேட்பதும் குறைந்துகொண்டே வந்தது.

வேறுவேறு நாளில் எடுத்த கண்ணாடித் தகடுப் படங்களை ஒப்பிட்டு, எந்த நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறையுதுன்னு குறிப்பதுதான் வேலை. 1908-ல், மெகல்லன் மேகங்களில் மட்டும் 1777 நட்சத்திரங்களைப் பட்டியலிட்டார். அதோடு நிறுத்தவில்லை. ஒரே மேகத்தில், ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்த 25 நட்சத்திரங்களை எடுத்து கிராஃப் போட்டார். பிரகாசம் கூடினால் ஒளி மாறும் காலமும் கூடுது! 1912-ல் அதை வெளியிட்டார்கள். காலத்தை அளந்தா உண்மையான பிரகாசம் தெரியும். அதிலிருந்து தூரம் கிடைக்கும். இதை வைத்துத்தான் ஆண்ட்ரோமீடா தனி கேலக்ஸின்னு ஹப்பிள் காட்டினார்.

1925-ல் ஸ்வீடனின் கணித அறிஞர் ஒருவர், நோபலுக்குப் பரிந்துரைக்கும் எண்ணத்தில் லீவிட்டுக்குக் கடிதம் எழுதினார். அவர் 1921-லேயே புற்றுநோயால் இறந்திருந்தார்.

இன்று நட்சத்திரங்களை மெஷின் லேர்னிங் வகைபிரிக்குது. மாடல் அவுட்புட் வந்ததும் சப்மிட் பண்ணிட்டு ஓடாதீங்க. நீங்களும் ஒரு கிராஃப் போட்டுப் பாருங்க.