ரேபிஸ் ஊசி போட்ட சிலருக்கு கை, கால் செயலிழந்தது ஏன்? குரங்குகளிடம் விடை தேடிய தாமஸ் ரிவர்ஸ்!

நாய் கடிச்சா தொப்புளைச் சுத்தி 14 ஊசி! நம்ம வீட்டுப் பெரியவங்க இன்னைக்கும் சொல்லி பயமுறுத்துற விஷயம் இது. அந்தக் காலத்து ரேபிஸ் தடுப்பூசி, விலங்குகளின் நரம்புத் திசுவில் இருந்து தயாரானது. பாஸ்டர் பயன்படுத்தியது முயலின் தண்டுவடம். பின்னாளில் இந்தியாவில் ஆட்டு மூளை. பல உயிர்களைக் காப்பாற்றிய அதே ஊசி, அபூர்வமாக சிலரை கை, கால் விளங்காமல் படுக்கையில் தள்ளியது.

குற்றவாளி ரேபிஸ் கிருமியா, இல்லை ஊசியில் இருந்த மூளைத் திசுவா? இந்தக் கேள்வியைத் துரத்தியவர்தான் அமெரிக்க மருத்துவர் தாமஸ் ரிவர்ஸ். அதற்காக அவர் செய்த சோதனை, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) ஆய்வுக்கு இன்றும் அடித்தளம்.

மரணத்துக்கு நாள் குறிக்கப்பட்ட மாணவர்

ரிவர்ஸ் பிறந்தது 1888ல், ஜார்ஜியா மாநிலத்தின் ஜோன்ஸ்பரோவில். எமரி கல்லூரியில் பட்டம் முடித்துவிட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பு பாதியில் இருக்கும்போதே தலையில் இடி. தசைகள் மெலிந்துகொண்டே போகும் நரம்பு நோய், பிழைப்பது கஷ்டம் என்றார்கள் மருத்துவர்கள்.

படிப்பை விட்டார். கால்வாய் வெட்டிக்கொண்டிருந்த பனாமாவுக்குப் போய், அங்கே ஒரு மருத்துவமனையில் ஆய்வக உதவியாளராக வேலை பார்த்தார். நோய் முற்றும் என்று காத்திருந்தார். முற்றவே இல்லை! 1912ல் திரும்பி வந்து மறுபடி வகுப்பில் உட்கார்ந்தார், 1915ல் டாக்டர் ஆனார். சாவுக்கு நாள் குறிக்கப்பட்டவர் அதற்குப் பிறகு சுமார் 50 வருஷம் வாழ்ந்தார்.

1922ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் சேர்ந்தார். வைரஸ் என்றால் என்ன என்பதிலேயே அன்று குழப்பம். உயிருள்ள செல்லுக்குள் மட்டும்தான் வைரஸ் பெருகும் என்று 1926ல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் அடித்துச் சொன்னார். பெரிய பெரிய ஆட்களே அப்போது அதை ஏற்கவில்லை. இன்று அது பள்ளிப் பாடம்.

8 குரங்குகள், பல டஜன் ஊசிகள்

இனி முக்கியமான கட்டம். நம் நரம்பு இழைகள் பலவற்றின் மேல், கரண்ட் வயருக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை மாதிரி, மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. இது உரிந்தால் மூளை அனுப்பும் செய்தி தடுமாறும். பார்வை மங்கும், நடை தள்ளாடும், உணர்ச்சி மரத்துப்போகும். எம்.எஸ். நோயில் நடப்பது இதுதான். ரேபிஸ் ஊசிக்குப் பிறகு இறந்த சிலரின் மூளையிலும் உறை உரிந்த அடையாளம் தெரிந்தது.

ரிவர்ஸ் குழு ரேபிஸ் கிருமியே இல்லாத, ஆரோக்கியமான முயல் மூளையை எடுத்தது. அதைக் கரைத்து 8 குரங்குகளுக்குத் தசையில் திரும்பத் திரும்ப ஊசி போட்டது. 1933ல் வெளியான முடிவில் 2 குரங்குகளுக்கு மட்டும் பாதிப்பு. தற்செயல் என்று ஒதுக்கியிருக்கலாம். ரிவர்ஸ் விடவில்லை. ஃபிரான்சிஸ் ஷ்வெண்ட்கருடன் சேர்ந்து, மாதக்கணக்கில் ஊசி போட்டு மீண்டும் முயன்றார். 1935ல் வெளியான அந்தச் சோதனையில் 8ல் 7 குரங்குகளின் மூளையில் மயலின் சிதைந்திருந்தது.

அப்போ தாக்கியது யார்? கிருமி எதுவும் சிக்கவில்லை. உடலின் சொந்த எதிர்ப்பு சக்தியே நரம்பு உறையை எதிரி என நினைத்துப் பாய்கிறது என்ற முடிவுக்கு மருத்துவ உலகம் மெல்ல மெல்ல வந்தது. குரங்குகள் பட்ட வேதனையைப் படிக்கும்போது இன்று மனசு சங்கடப்படத்தான் செய்கிறது. இப்போதைய விலங்கு ஆய்வு விதிகள் எதுவும் அன்று கிடையாது.

எலிக்குக் குணமானால் மனிதனுக்குக் குணமாகுமா?

ஈ.ஏ.இ. என்று அழைக்கப்படும் இந்தச் செயற்கை நோயை இன்று பெரும்பாலும் எலிகளில் உருவாக்குகிறார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் இந்த நோயை வரவழைக்க ஒரு செயற்கைப் புரதம் செய்தார்கள். நடந்ததோ தலைகீழ், அது நோயைத் தடுத்தது! அதுதான் 1996ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிளாட்டிராமர். எதிர்ப்பு செல்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும் நடாலிசுமாப் மருந்தும் 1992ல் எலிகளில் பலன் காட்டித்தான் மனிதர்களிடம் வந்தது.

எல்லாமே வெற்றி இல்லை. டி.என்.எஃப். என்ற புரதத்தை அடக்கும் மருந்து விலங்குகளில் நன்றாக வேலை செய்தது. எம்.எஸ். நோயாளிகளிடமோ நோயை அதிகமாக்கியது. எலிக்கு நாம் ஊசி போட்டு வரவழைக்கும் நோய் வேறு, மனிதனுக்குத் தானாக வரும் எம்.எஸ். வேறு. அதனால் எலியிடம் குணமானதாகச் செய்தி வந்ததும் மருந்து கிடைத்துவிட்டது என்று நம்பிவிடக்கூடாது.

ரிவர்ஸ் இந்தத் திருப்பங்கள் எதையும் பார்க்கவில்லை. 1937ல் ராக்ஃபெல்லர் மருத்துவமனையின் இயக்குநர் ஆனார். இரண்டாம் உலகப்போரில் குவாம் தீவில் கடற்படை மருத்துவ ஆய்வுப் பிரிவை நடத்தினார். போருக்குப் பின் அவர் கவனம் முழுக்க போலியோ மீதுதான். 1954ல் ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி லட்சக்கணக்கான குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டபோது, முடிவெடுத்த நிபுணர்களில் முக்கியமானவர் இவர். இளம் வயதிலேயே போய்விடுவார் என்று சொல்லப்பட்ட ரிவர்ஸ், 1962 மே மாதம் நியூயார்க்கில் 73 வயதில் காலமானார்.