நாயனத்தை நீளமாக்கியவர்

குழந்தைகளே! சத்தியமங்கலத்தில் கல்யாண வீடென்றால் வாசலில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும், இல்லையா? கம்பீரமாகக் குழைந்து வரும் இந்த நாதம் ஒரு காலத்தில் இப்படி இருக்கவில்லை. அது மாறக் காரணமானவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை.

உங்கள் ஊர் வழியே ஓடும் பவானி ஆறு, கூடுதுறையில் காவிரியோடு சேர்ந்து தஞ்சைச் சீமைக்குப் போகிறதல்லவா? அந்தச் சீமையின் திருமருகலில் 1898-ல் பிறந்தார் ராஜரத்தினம். முதலில் வாய்ப்பாட்டுக் கற்றார். பிறகுதான் நாதஸ்வரம்.

அந்நாளில் ஊதியது 'திமிரி' நாயனம். அளவில் குட்டை. சுருதியோ நாலு கட்டைக்கு மேல்! கோயில் வீதியில் வெகுதூரம் கேட்கும். ஆனால் ஊதுபவருக்கு மூச்சு வாங்கும். 'சுத்த மத்யமம்' என்ற ஸ்வரம் அதில் இயல்பாகப் பேசாது. பாட்டுக்காரரின் குரல் போலக் குழைவாக வாசிப்பது கடினம்.

என்ன செய்யலாம்? பப்பாளி இலைக் காம்பில் ஊதல் செய்திருக்கிறீர்களா? குட்டைக் காம்பு 'கீச்' என்னும். நீளக் காம்பு தணிந்து ஒலிக்கும். குழல் நீண்டால் சுருதி இறங்கும். மேல்நாட்டுக் கொம்பு வாத்தியக்காரர்கள் முற்காலத்தில் இதற்காகவே பித்தளைக் குழாயில் வளையத் துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டார்கள். நாதஸ்வரத்தில் அப்படிச் செருக முடியுமா? அது மரத்தில் கடைந்த குழல். நீளத்தைக் கூட்டினால் ஒவ்வொரு துளையின் இடத்தையும் மாற்றியாக வேண்டும்!

நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அந்த வேலையில் இறங்கினார். ராஜரத்தினத்துக்காக ஆச்சா மரத்தில் நீளமான 'பாரி' நாயனம் செய்தார். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. சுத்த மத்யமமும் சுத்தமாகப் பேசியது. அதில் ராஜரத்தினம் தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசிக்க, ஊரே மெய்மறந்தது.

இன்னொன்றும் செய்தார். அக்காலத்தில் நாதஸ்வரக்காரர்கள் நின்றும் நடந்தும்தான் வாசிக்க வேண்டும். பாட்டுக் கச்சேரிக்கு உள்ள மரியாதை எங்களுக்கும் வேண்டும் என்று, மேடையில் அமர்ந்தே வாசித்தார். 1947-ல் நாடு விடுதலை பெற்ற வேளையில் வானொலியில் ஒலித்ததும் அவருடைய நாதஸ்வரமே.

1956-ல் அவர் மறைந்தார். பாரி நாயனம் மறையவில்லை. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அடுத்த கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடும் முன், நாதஸ்வரத்தின் நீளத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஏன் அத்தனை நீளம் என்று உங்கள் நண்பர்களுக்கும் சொல்லுங்கள், சரியா?