பஞ்சாப் சிங்கத்தின் சேனை

தேசப் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செழுந்தவுடனே நம்மவர் பலர் ஆயுதங்களை எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். எத்தனை பீரங்கி, எத்தனை விமானம் என்பதே அவர்கள் கணக்கு. அக்கணக்கு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் மகாராஜா ரஞ்சித் சிங்கின் சரித்திரத்தை ஊன்றிப் படித்தோர் அவ்வளவில் திருப்தியடையமாட்டார்கள். புதிய அபாயத்தை முன்னறிந்து, அதற்கேற்பத் தம் படையைத் திருத்தியமைத்தவர் அவர். அப்படியிருந்தும், அவர் கண்மூடிப் பத்தாண்டுகள் நிரம்புமுன்பே அவருடைய ராஜ்யம் மறைந்தது.

அவர் பிறந்தது 1780-ல். இளமையிலேயே வைசூரி அவருடைய இடக்கண்ணைப் பறித்துக்கொண்டது. அக்காலத்துப் பஞ்சாப், மிஸ்ல்கள் என்னும் சீக்கியக் கூட்டங்களாகப் பிரிந்து கிடந்தது. அவற்றில் ஒன்றன் தலைவரான தந்தையையும் சிறுவயதிலேயே இழந்த ரஞ்சித், 1799-ல் லாகூரைக் கைப்பற்றினார்; 1801-ல் மகாராஜாவானார். பின்னர் முல்தானும், காச்மீரமும், பேஷாவரும் அவர் வசமாயின.

இவ்வெற்றிகளைவிட 1809-ம் வருஷத்துச் சம்பவமொன்றே நமக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. கம்பெனியாரின் தூதராக வந்த மெட்காபின் காவலுக்கு ஒரு சிறு ஸிப்பாய்க் கூட்டம் வந்திருந்தது. அமிர்தசரஸில் அகாலி வீரர்கள் பெருந்திரளாக அவர்கள்மேல் பாய்ந்தனர். ஸிப்பாய்கள் அணி குலையாமல் நின்று சுட்டு அத்திரளைப் பின்வாங்கச் செய்தனர். அகாலிகளின் தைரியத்துக்குக் குறைவில்லை, குறைவு கவாத்தில்தான். மகாராஜா இதைக் கண்டுகொண்டார். அவ்வாண்டே ஸட்லெஜ் நதியை எல்லையாக ஏற்று உடன்படிக்கை செய்துகொண்டார். கோழைத்தனமென்று அதைப் பழிப்போர் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. தமக்குத் தேவையான காலத்தை அவர் விலைகொடுத்து வாங்கினார் என்றே கொள்கிறோம்.

அக்காலத்தை அவர் வீணாக்கவில்லை. குதிரையேறிப் போர்புரிவதே சீக்கியருக்குப் பெருமை. காலாளாக வரிசையில் நிற்பது இழிவு. கவாத்தைத் தாசிகளின் ஆட்டமென்று அவர்கள் எள்ளினர். ஆகவே முதலில் கிழக்கத்தியரும் கூர்க்கர்களுமே காலாட்படையில் சேர்ந்தனர். மகாராஜா கவாத்து மைதானத்துக்குத் தாமே சென்று, பரிசுகள் வழங்கி, மெல்ல மெல்லத் தம் ஜனங்களின் மனத்தைத் திருப்பினார். பழைய வழக்கத்தை ஆணையால் ஒழிக்கப் பார்க்கும் நம் சீர்திருத்தக்காரர்கள் இதைக் கவனிப்பார்களாக. 1822-ல் நெப்போலியனின் படைகளில் பணியாற்றிய அல்லார்டும் வெந்தூராவும் லாகூர் வந்தனர். அவர்களைக்கொண்டு பௌஜ்-இ-காஸ் என்னும் தனிப்படை பயிற்றப்பட்டது. பின்னர் வந்த கோர்ட் என்பவர் பீரங்கிப்படையைச் செம்மைப்படுத்தினார். அந்நியரிடம் கற்றாரேயன்றி, ஆயுதத்துக்கு அவர்களை நம்பியிருக்கவில்லை. பீரங்கிகள் லாகூரிலேயே வார்க்கப்பட்டன. லெஹ்ணா சிங் மஜீத்தியா போன்ற சுதேச நிபுணர்கள் அத்தொழிலில் தேர்ச்சி பெற்றனர். இப்பீரங்கிகளின் வன்மையை 1845 டிஸம்பரில் பெரோஸ்ஷாவில் ஆங்கிலேயர் உணர்ந்தனர். இரண்டே நாளில் அவர்கள் தரப்பில் 2,000 பேருக்கு மேல் மாண்டனர் அல்லது காயமுற்றனர்.

பின் தோல்வி எங்கிருந்து வந்தது? சேனையைப் புதிதாக்கிய மகாராஜா, அதை நடத்தவேண்டிய ராஜாங்கத்தைப் பழைய நிலையிலேயே விட்டுவிட்டார். எல்லா அதிகாரமும் அவர் ஒருவரையே சுற்றி நின்றது. அவருக்குப்பின் யார் கட்டளையிடுவது, யாருக்குப் படை கட்டுப்படுவது என்பதற்கு உறுதியான ஏற்பாடில்லை. அவர் நாளிலேயே சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நிற்பதுண்டு; அவருடைய சொல்லின் கௌரவமே ஸிப்பாய்களைப் பொறுத்திருக்கச் செய்தது. சட்டம் பயின்றோருக்கு இதன் பலவீனம் எளிதில் விளங்கும்.

1839 ஜூன் 27-ல் அவர் காலமானார். மூத்த குமாரர் கரக் சிங் 1840 நவம்பரில் இறந்தார். அவருடைய தகனத்திலிருந்து திரும்புகையில் வாயில் இடிந்து விழுந்து பேரன் நவ நிஹால் சிங்கும் மாண்டார். 1843-ல் ஷேர் சிங்கும் மந்திரி தியான் சிங்கும் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். சிம்மாசனத்தை விரும்பினோர் சேனைக்குச் சம்பள உயர்வைக் காட்டி அதன் தயவை நாடினர். படைப்பிரிவுகள் பஞ்சாயத்துக்களை அமைத்துக்கொண்டு தர்பாரையே ஆட்டிவைத்தன. 1845-ல் மந்திரி ஜவாஹர் சிங்கைத் துருப்புகளே கொன்றன. அச்சேனையைக் கண்டு அஞ்சிய தர்பார்ப் பிரமுகர்களோ, அது எதிரியிடம் அழியட்டுமென்று எண்ணத் துணிந்தனர். யுத்தத்தில் அதை நடத்திச் சென்ற லால் சிங்கும் தேஜ் சிங்கும் துரோகிகளென்றே சரித்திரத்தில் பெயரெடுத்தனர். 1846 பிப்ரவரியில் ஸோப்ராவ்ன் களத்தில் பின்னாலிருந்த படகுப்பாலம் முறிய, ஆயிரக்கணக்கானோர் ஸட்லெஜ் நதியில் மடிந்தனர்.

இரண்டாண்டுகளுக்குப்பின் மறுபடி மூண்ட யுத்தமும் தோல்வியில் முடிந்தது. எஞ்சிய வீரர்கள் ராவல்பிண்டியில் வாட்களைக் குவித்துவிட்டு ஊர் திரும்பினர். 1849 மார்ச் 29-ல், பத்து வயதுச் சிறுவனான துலீப் சிங், தந்தையின் ராஜ்யத்தைக் கம்பெனியாருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் லாகூரில் கையெழுத்திட்டான்.