ஒரு வசனமும் பல விளக்கங்களும்

அல்குர்ஆனின் ஒரு வசனத்தை முன்பின் பாராது எடுத்தாண்டு தீர்ப்புக் கூறும் அவசரம் மலிந்துள்ள இக்காலத்தில், இமாம் தபரியை நாம் நினைவுகூர்வது பொருத்தமானதாகும்.

கி.பி. 839இல் கஸ்பியன் கடலுக்குத் தெற்கேயுள்ள ஆமுல் நகரில் பிறந்த அவர், ஏழு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்ததாகக் கூறப்படுகின்றது. ஆயினும் மனனத்தோடு அவர் நின்றுவிடவில்லை. ரய், பக்தாத், பஸரா, கூபா, சிரியா, எகிப்து என அறிஞர்களைத் தேடிச் சென்றார். குடும்ப நிலத்தின் வருவாயில் எளிமையாக வாழ்ந்து, பதவிகளை நாடாது எழுதினார்.

அவரது தப்ஸீர், ஒரு வசனத்துக்கு நபித்தோழர்களும் பின்வந்தோரும் கூறிய வேறுபட்ட விளக்கங்களை அறிவிப்பாளர் வரிசையுடன் முதலில் தொகுத்துத் தருகின்றது. பின்னர் சொற்பொருள், இலக்கணம், பண்டைய அரபுக் கவிதை வழக்கு ஆகியவற்றைக் கொண்டு ஆராய்ந்து, தாம் ஏற்கும் கருத்தையும் அதற்கான காரணத்தையும் முன்வைக்கின்றார். தாம் ஏற்காத கருத்தையும் அவர் மறைக்கவில்லை.

முதுமையில் பக்தாத்தில் ஒரு சாராரின் கடும் எதிர்ப்புக்கு ஆளான அவர், 923இல் அங்கேயே காலமானார். எதிர்த்தோரின் கூச்சல் ஓய்ந்துவிட்டது. அந்நூல் இன்றும் ஓதப்படுகின்றது.

மாற்று விளக்கத்தைச் செவிமடுத்த பின்னரே தம் முடிவைக் கூறும் அப்பண்பு, எந்த வேதத்தை ஓதுவோருக்கும் இன்றியமையாதது என்பதே எமது கருத்தாகும்.