டயருக்குள் காற்றை அடைத்த கால்நடை டாக்டர்... யார் இந்த டன்லப்?

கார்ல போகும்போது டயர் சத்தம் எரிச்சலா இருக்கா? 19-ம் நூற்றாண்டு வண்டிகளின் தடதடப்புக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்லை. அந்தத் தடதடப்பை அடக்கியவர்களில் முக்கியமானவர், ஜான் பாய்ட் டன்லப்.

1840-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர். 1887-ல் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கரடுமுரடான தெருவில் குலுங்குவதைப் பார்த்தார். ரப்பர் குழாயில் காற்றடைத்து சக்கரத்தில் சுற்றினார். குலுக்கல் குறைஞ்சது. 1888-ல் காப்புரிமை. அடுத்த வருஷமே அந்த டயரோட சைக்கிள் பந்தயத்தில் வில்லி ஹியூம் ஜெயிக்க, ஊரே திரும்பிப் பார்த்தது.

காரணம் என்ன?

கெட்டி ரப்பர் சக்கரம் கல் மேல ஏறித் துள்ளும். துள்ளுற நொடியில் பிடிப்பு போயிடும். காற்று டயர் மேடு பள்ளத்துக்கு ஏத்தபடி அமுங்கி, ரோட்டை விடாது. சத்தமும் குறையும், பிடிப்பும் கூடும்.

இங்கதான் ட்விஸ்ட்!

இதே யோசனைக்கு 1845-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார் இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், ராபர்ட் வில்லியம் தாம்சன். அப்போ அது எடுபடலை. 1873-ல் அவர் இறந்தும் போனார். ஆனா அந்தப் பழைய காப்புரிமையால டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது.

டன்லப் பெயரில் கம்பெனி உலகமெங்கும் வளர்ந்தது. சென்னை அம்பத்தூரில்கூட ஆலை இருந்தது. ஆனா அந்தப் பெரும் லாபம் அவர் கைக்கு வரலை. 1921-ல் டப்ளினில் காலமானார்.

கவனிக்க: டயரில் புதுசா ரீங்காரம் கேட்டா காற்றழுத்தம், தேய்மானம் ரெண்டையும் செக் பண்ணுங்க. சத்தமே இல்லைன்னாலும் அசந்துடாதீங்க. பள்ளக்கோடுகள் தேய்ஞ்ச டயர், மழைத் தண்ணீரை வெளியேத்தாது, வழுக்கும்.